முற்றட்டும் என்று காத்திருந்த கண்கள்

“புரை இன்னும் முத்தலை டாக்டர், முத்தினப்புறம் வர்றோம்.” தென்மாவட்டங்களில் வேலை பார்த்த கண் மருத்துவர் எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சொல்பவரின் பாட்டிக்கு அதைச் சொன்னவர் ஒரு மருத்துவராகத்தான் இருந்திருப்பார். அன்று அது சரியான யோசனையும்கூட. கண்புரை அறுவை என்றால் அந்தக் காலத்தில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை அதன் உறையோடு முழுதாக உருவி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வைக்க மாற்று எதுவும் கிடையாது. கட்டுப் பிரித்ததும் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். எதிரே இருப்பது பூதாகரமாகத் தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியவே தெரியாது, படியிறங்கினால் கால் தடுமாறும். ஆகவே ஆள் அடையாளம் தெரிகிற மட்டும் கத்தி வேண்டாம், முற்றட்டும் என்றார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வந்தபின் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியதும் விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. இன்று தையல்கூடப் போடாமல் சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சை அது. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகப் பார்வை மங்கினாலே செய்துகொள்ளலாம். வெயில் காலம், மழைக்காலம் என்று நாள் பார்க்கத் தேவையில்லை. முற்றவிட்டால்தான் வினை: அளவு மீறி முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, லென்ஸ் மாற்றினாலும் திரும்பாதபடி நரம்பையே கெடுத்துவிடும்.

சிகிச்சை மாறிவிட்டது, ‘முற்றட்டும்’ மட்டும் மாறவில்லை. அதனால் புரைக்கு நேரும் கெடுதலைவிட மற்ற நோய்களுக்கு நேரும் கெடுதல் பெரிது என்பது என் கணிப்பு. பார்வையைப் பறிக்கும் பெரிய நோய்களில் நாம் வரும்வரை ஓரளவு காத்திருப்பது புரை ஒன்றுதான். அளவு மீறி முற்றவிடாத மட்டும் எப்போது போனாலும் போனதைத் திருப்பித் தரும். நம் சனங்கள் கண் நோய் என்றால் என்ன என்பதைப் புரையைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மங்கும், பொறுப்போம், பிறகு ஆபரேஷன் செய்தால் பளிச்சென்று தெரியும் என்ற அந்தப் பாடத்தைப் புரையல்லாத எல்லா நோய்க்கும் பொருத்துகிறார்கள். மற்ற நோய்களுக்கோ கெடு உண்டு. ஒன்றுக்கு 30 நாள், ஒன்றுக்கு 7 வயது, ஒன்றுக்குச் சில மணி நேரம்.

உலக அளவில் 220 கோடிப் பேருக்காவது பார்வைக் குறை இருப்பதாகவும், அதில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாமல் கிடப்பது என்றும் உலக சுகாதார அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு (66.2 சதவீதம்) புரையே காரணம். பார்வையற்றோர் விகிதம் முன்னைவிட இறங்கியிருப்பது உண்மைதான். ஆனால் பார்வையின்மைக்கான வரையறையே 2017இல் உலக அளவுகோலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. அதற்குமுன் ஆறு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ண முடிகிறதா என்று பார்த்த அளவு மூன்று மீட்டராகிவிட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து யாராவது பெருமைப்பட்டால் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கெடு வைத்துவிட்டு அதைச் சொல்லாமலே இருக்கும் நோய் கண் நீர் அழுத்த நோய். குளுக்கோமா என்று சொன்னால் இப்போது பலருக்குப் புரிகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு இழை இழையாகச் சாகிறது. பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வை விளிம்பிலிருந்து சுருங்குகிறது. ஒரு கண் விட்டதை மற்றது ஈடுகட்டிவிடுவதால் கடைசிவரை எழுத்து தெரியும், முகம் தெரியும். கதவு நிலையில் தோள் இடிக்கும்போதும், பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் போகும்போதும் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். சென்னையிலும் மதுரை வட்டாரத்திலும் வீடு வீடாகத் தேடிப் பரிசோதித்த ஆய்வுகளில், இந்நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே அன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் இந்த நோயின் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் மேலோரத்தில் நுண்துளையிட்டு நீரை வடியவைக்கும் அறுவையைப் பெரிய அளவில் செய்து காட்டினார். உலகப் பாடநூல்கள் அதை அவர் பெயரிலேயே குறித்தன.

அந்த நோயைக் கண்டுபிடிக்காமல் தவறவிடும் இடம் பெரும்பாலும் கண்ணாடிக் கடை. ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்று பலகை தொங்கும். அந்தக் கருவி பவரை மட்டும்தான் அளக்கும், நரம்பைப் பார்க்காது. ஆண்டுக்கொருமுறை கண்ணாடி மாற்றுகிறவர், தன் கண்ணை ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வதாக நம்பிவிடுகிறார். நாற்பது தாண்டியவருக்குத் தேவை, அழுத்தம் பார்த்து, கண் பாப்பாவை விரியவைத்து, நரம்பின் முகப்பை ஒருவர் உற்றுப் பார்ப்பது. அப்பாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் கட்டாயம். மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குளுக்கோமா சொட்டு மருந்தால் பார்வை கூடாது, இருப்பது நிற்கும், அவ்வளவுதான். ‘ஒரு மாசம் போட்டேன், ஒண்ணும் தெரியலை’ என்று நிறுத்துகிறவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. புரை ஆபரேஷன் போல இதிலும் பளிச்சென்று ஏதாவது நடக்கும் என எதிர்பார்த்தார். நடக்காது என்பதை அவருக்கு எவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

சர்க்கரை நோயாளியின் விழித்திரையும் இப்படித்தான். 2023இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. புதுச்சேரியில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். இந்தியச் சர்க்கரை நோயாளிகளில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பும், நூற்றில் நான்கு பேருக்குப் பார்வையையே பறிக்கும் நிலையும் உள்ளதாக இன்னோர் ஆய்வு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும், அடைபடும். பிறகு உடையக்கூடிய புதுக் குழாய்கள் முளைக்கும். இதெல்லாம் நடக்கும்போதும் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை கண்ணுக்குள் கறுப்புத் திரை விழும். லேசரும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காக்க வல்லவை. போனதை மீட்பதில் அவற்றின் கை அவ்வளவு நீளமில்லை. ஆகவே சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயோடு கருவுற்ற பெண்ணுக்கு அந்த மாதங்களிலேயே பார்க்க வேண்டும். கண்ணாடிப் பவர் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போவதற்குமுன் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது நல்லது.

விழித்திரையைப் படம் எடுக்க இன்று ஒரு கேமராவும் பழகிய தொழில்நுட்பரும் போதும். அந்தப் படத்தைக் கணினியே வாசிக்கும் முறையை 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அதற்குப் பாடமாகக் கொடுத்த படங்களில் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் எடுத்தவையும் இருந்தன. நம்மூர்க் கண்களைப் பார்த்துத்தான் இயந்திரம் படித்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பெரிய காரியம். ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டால் மருத்துவமனைப் படி ஏறும் பழக்கம் குறையும். மாத்திரையோடு ‘கண்ணைக் காட்டி எத்தனை மாசமாச்சு?’ என்ற கேள்வியும் வாசலுக்கு வர வேண்டும்.

மறுகோடியில் இருப்பது கைக்குழந்தை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் பாதி வழிதான் வளர்ந்திருக்கும். அளவில்லாத ஆக்சிஜனும் கிருமித் தொற்றும் சேர்ந்தால் மீதி வளர்ச்சி தாறுமாறாகி, விழித்திரையையே பிய்த்துவிடும். மேலைநாடுகளில் மிகச் சிறிய குழந்தைகளைத்தான் சோதிக்கிறார்கள். இங்கே சற்றுப் பெரிய குழந்தைக்கும் வருகிறது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ சோதிக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். பிறந்து 30 நாளுக்குள் முதல் சோதனை, மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. அது தவறினால் சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை, பார்வை போயிற்று. வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்து, 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தீர்ப்பானது. அந்தத் தீர்ப்புக்குப் பின் பல மருத்துவமனைகள் விழித்துக்கொண்டன. ஆனாலும் ஓட்டை இருப்பது வேறிடத்தில். பிள்ளை எடை கூடி, பால் குடித்து, டிஸ்சார்ஜ் ஆகி அம்மா தாய்வீடு போய்விடுகிறாள். முப்பதாம் நாள் பேர் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில், அந்த நாளுக்குள் விழித்திரை பார்த்தாயிற்றா என்று கேட்க ஒரு பெரியவர் போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டுத் தருவது மருத்துவமனையின் கடமை.

குழந்தையின் கண் பாப்பா போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே ஓட வேண்டும். புரையாகவும் இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த வீடுகளில் பரம்பரைக் கண் நோய்களின் வாய்ப்பு கூடுதல். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அரிதாகிவிட்டது. 1970 முதல் நடக்கும் வைட்டமின் ஏ திட்டத்துக்கும், ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு கொடுக்கும் மருந்துக்கும், முருங்கைக்கீரைக்கும் அதில் பங்குண்டு.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்மில் ஒரு பேச்சு இருக்கிறது. பெண்ணுக்கு என்றால் கூடுதல் ராசியாம். மூளைக்கு அந்த ராசி தெரியாது. இரண்டு கண்ணும் இரண்டு படம் அனுப்பினால் ஒன்றைத் தள்ளிவிடும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமிருந்தாலும் இதே கதை. தள்ளப்பட்ட கண்ணில் கோளாறு ஏதுமில்லாமலே பார்வை வளராமல் நின்றுவிடும். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். பார்வை வளர்வதற்கு ஒரு கால எல்லை உண்டு. அதைப் பூனைக்குட்டிகளில் காட்டிய ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதப் பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் என்றால் நல்ல பலன்; பிறகு முயற்சி கூடும், பலன் குறையும். சிகிச்சை எளிது: கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பல் கண்ணை வேலை வாங்குவது. எளிது என்பது எழுதுகிற எனக்கு. ஒட்டியதைப் பிய்த்தெறியும் ஐந்து வயதுப் பிள்ளையோடு மல்லுக்கட்டும் தாயிடம் கேட்டால் வேறு பதில் வரும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2009இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் கண்ணாடி கொடுக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு முன்பே, மூன்று நான்கு வயதில், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்ப்பதுதான் இந்த நோய்க்குப் பொருந்தும்.

கிட்டப்பார்வை பற்றி வீட்டில் நடக்கும் சண்டை செல்போனைச் சுற்றியே நடக்கிறது. செல்போன் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. மிக அருகில் வைத்து நெடுநேரம் பார்ப்பதற்குப் பங்குண்டு. ஆனால் உறுதியான சான்று இருப்பது வெளிச்சத்துக்குத்தான். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் வெளிவகுப்பு கூட்டினார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் அங்கே 30.4 சதவீதம், கூட்டாத பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் 2010இல் தினம் 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளுக்குச் சொல்ல, பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த கோடு இறங்கியது. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்கவைத்து, கண் நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்பது விளக்கம். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார், சாயங்காலத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. ‘கண்ணாடி போட்டால் பவர் ஏறும், குறைத்துப் போடுங்கள்’ என்று கேட்கும் பெற்றோருக்கு மலேசியாவில் 2002இல் வந்த ஆய்வு விடை வைத்திருக்கிறது: குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கே பவர் வேகமாக ஏறியது.

எல்லாக் கெடுவிலும் குறுகியது களத்துமேட்டில் இருக்கிறது. நெல் தூற்றும்போது ஒரு உமி கண்ணில் விழுகிறது. கரும்புத் தோகை கருவிழியில் கீறுகிறது. கண்ணைக் கசக்குகிறார். பக்கத்தில் நிற்கும் அத்தை இமையைப் பிரித்து நாக்கு நுனியால் உமியை எடுத்துவிடுகிறாள். அன்பான காரியம்தான், வாயிலுள்ள கிருமிகளும் கூடவே கண்ணுக்குப் போகின்றன. இரவு உறுத்தல். தாய்ப்பால் ஊற்றுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுகிறார்கள். மறுநாள் மெடிக்கலில் ‘கண் சிவந்திருக்கு’ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மளமளவென்று இறங்கும், வலியும் குறையும். உள்ளே பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். கண் மருத்துவர் விளக்குக் கருவியில் பார்க்கும்போது கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புண், ஓரங்கள் இறகு போலப் பிரிந்து போகும், சில சமயம் சுற்றிலும் சிறு துணைப் புள்ளிகள். வாரக் கணக்கில் மணிக்கு மணி மருந்து விட்டு ஆறினாலும் தழும்பு நடுவில் நின்றுவிடும்.

மதுரை மாவட்டத்தில் 1990களில் கணக்கிட்டபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது; அமெரிக்காவின் மினசோட்டாவில் கண்டதைப் போலப் பத்து மடங்கு. கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணம் பூஞ்சை. குளிர்நாட்டு மருத்துவப் புத்தகத்தை அப்படியே நம்பினால் நம் விவசாயிக்குத் தவறான மருந்து போகும் என்பதை அந்த ஆய்வுகளே காட்டின. தடுக்கும் வழியைக் காட்டியது நேபாளத்தின் பக்தபூர். ஊர்த் தன்னார்வலர்களிடம் சாயத் தாளையும் நீல ஒளி டார்ச்சையும் கொடுத்து, கண்ணில் அடிபட்டவர்களைத் தேடச் செய்தார்கள். கீறல் இருந்தால் பச்சையாக ஒளிரும். கீறல் உள்ளவருக்கு மூன்று நாள், தினம் மூன்று வேளை, ஒரு சதவீதக் குளோரம்பெனிக்கால் களிம்பு. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் ஆகவில்லை. ஒரு நாள் தாண்டி வந்தவர்களில் பலருக்கு ஆயிற்று. மலிவான களிம்பு, ஒரு டார்ச், ஊரிலேயே ஓர் ஆள். நூறு நாள் வேலைக்கு ஆள் கூடும் இடங்களிலும் அறுவடைக் காலக் களங்களிலும் இதைச் செய்ய நமக்கு இன்னும் மனம் வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். மதுரை வட்டாரக் கிராமங்களிலேயே இதே முறையைப் பின்னர் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

அதே ஸ்டீராய்டு சொட்டு வேறொரு வழியாகவும் வருகிறது. கோடையில் கண் அரிக்கும் பிள்ளைக்கு ஒருமுறை எழுதித் தந்த சீட்டை வைத்து, மாதக் கணக்கில் மெடிக்கலில் வாங்கி ஊற்றுகிறார்கள். அரிப்பு நிற்கிறது, அழுத்தம் ஏறுகிறது. பத்து வயதில் குளுக்கோமா வருகிறது. சொட்டு மருந்துப் புட்டியைப் புதுச் சீட்டில்லாமல் நீட்டும் கடைக்காரர்தான் இந்த ஒரு நோய்க்கு நேரடிக் காரணம் என்று தயங்காமல் எழுதலாம்.

நாற்பதில் வரும் வெள்ளெழுத்தை யாரும் நோயாகக் கருதுவதில்லை. பேப்பரைக் கை நீட்டிப் பிடிப்பவருக்குக் கைதான் போதாது. ஆனால் ஊசியில் நூல் கோப்பவர், பூக்கட்டுபவர், அரிசியில் கல் பொறுக்குபவர், தீப்பெட்டி ஒட்டுபவர் எல்லாருக்கும் கூலி அதில்தான் இருக்கிறது. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிட்டக் கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் எடைபோட்டுக் கூலி வாங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பொருளாதாரப் பாடம் கிடையாது. கிட்டக் கண்ணாடிக்கு வருபவரை உட்காரவைத்து நரம்பையும் பார்த்துவிட்டால், குளுக்கோமாவைத் தேடித் தனியே அலைய வேண்டியதில்லை.

மருந்து இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, இலவச முகாமும் இருக்கிறது. பிறகும் ஏன் வருவதில்லை? 1999இல் வெளியான, மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. பயம், வேலை, செலவு, துணைக்கு ஆளில்லாமை, ‘இருக்கிற கண்ணை வைத்துச் சமாளிக்கிறேன்’ என்ற நினைப்பு ஆகியவை காரணங்களாக வந்தன. துணை என்பது சின்ன விஷயமில்லை. பாப்பாவை விரியவைக்கும் சொட்டு விட்டால் பல மணி நேரம் கூசும், எழுத்து கலங்கும், பஸ் போர்டு தெரியாது. மகனோ மருமகளோ ஒருநாள் கூலியை விட்டால்தான் பாட்டியைக் கூட்டிப்போக முடியும். தாத்தாவுக்கு என்றால் அந்த நாள் எப்படியோ கிடைத்துவிடுகிறது. பாட்டி ‘எனக்கென்ன, அடுப்படிதானே’ என்று தானே ஒதுங்கிக்கொள்கிறாள். உலகம் முழுக்கப் பார்வைக் குறையுள்ளோரில் பாதிக்கு மேல் பெண்கள்.

இதற்குக் கிடைத்த நல்ல விடை ஊரருகே வைக்கும் சிறு பார்வை மையம். ஒரு விளக்குக் கருவி, விழித்திரைக் கேமரா, பயிற்சி பெற்ற அந்த வட்டாரத்துப் பெண், திரையில் நகரத்து மருத்துவர். அரவிந்த் இப்படி நூற்றுக்கு மேல் நடத்துகிறது. சந்தைக்கு வந்த பாட்டி, பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு, துணை இல்லாமலே கண்ணைக் காட்டிவிட்டு, மதிய பஸ்ஸுக்குள் வீடு திரும்ப முடிகிறது. பாப்பாவை விரியவைக்காமலே எடுத்த படத்தில் ஏதாவது தட்டுப்பட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தேதி. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மகன் லீவு போட்டால் போதும்.